வேல்ஸ் சொல்லின் வேரைத் தேட: 'கெய்ரியாடிர் பிரிவஸ்கோல் கம்ரி' இணைய அகராதி

வேல்ஸ் மொழிச் சொல் எதுவானாலும் அதன் பிறப்பைத் தேட முதலில் திறக்க வேண்டியது இந்த வேல்ஸ் பல்கலைக்கழக அகராதியைத்தான். 1921-இல் சொல் திரட்டத் தொடங்கினார்கள். முதல் பகுதி 1950-இல் அச்சானது. நான்காம் தொகுதி 2002-இல்தான் முடிந்தது. 2014 முதல் முழுவதும் இணையத்தில் இலவசம். 2016-இல் செயலியும் வந்தது.

'கம்ரோ' (வேல்ஸ்காரர்) என்று தேடுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது சொற்பிறப்பு. அங்கே உடுக்குறியோடு (*) வரும் வடிவம் எந்த ஏட்டிலும் இல்லாதது, ஒப்பிட்டு மீட்டெடுத்தது. 'கொம்ப்ரோகோஸ்': 'கொம்' என்றால் உடன், 'ப்ரோக்' என்றால் நிலப்பகுதி. ஒரே மண்ணின் மக்கள் என்று பொருள். வட்டாரத்தைக் குறிக்க இன்றும் வழங்கும் 'ப்ரோ' அதே வேர்தான். நாட்டின் பெயரான 'கம்ரி'யும் அப்படிப் பிறந்ததே. அடுத்து விளக்கமும் ஆங்கில இணைச்சொற்களும், பின் காலவரிசையில் மேற்கோள்களும் வரும். முதல் மேற்கோளின் ஆண்டு, சொல் எழுத்தில் அகப்பட்ட ஆண்டு மட்டுமே. அதைப் பிறந்த ஆண்டாகக் கொள்ள வேண்டாம்.

புதியவர்கள் தடுமாறுவது தேடலில்தான். வேல்ஸில் முன்னே வரும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதலெழுத்தே திரியும். 'காத்' (பூனை), 'என் பூனை' எனும்போது 'வ ஙாத்' ஆகிவிடும். 'கார்த்' (தோட்டம்) 'அர் ஆர்த்' ஆகும்போது முதல் மெய்யே மறைந்துவிடும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் கிடைக்காவிட்டால் முன்னால் 'ஜி' (g) எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள். வினைகளுக்குத் தலைச்சொல் தன்மை ஒருமை: 'கானி' (பாடுதல்) 'கானவ்' என்பதன் கீழ்தான் இருக்கும். அகரவரிசையில் புரட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 'சி', 'எச்' சேர்ந்தது தனி எழுத்து, 'சி' வரிசை முழுவதும் முடிந்த பிறகே வரும்.

குறைகளும் உண்டு. மேற்கோள்களுக்கு மொழிபெயர்ப்பு இல்லை. இடைக்கால வேல்ஸ் தெரியாதவருக்கு அவை சொல் வழங்கிய ஆண்டை அறிய மட்டுமே பயன்படும். சொற்பிறப்புக் குறிப்புகளும் வேல்ஸ் சுருக்கெழுத்துகளில்தான். கடன் சொல்லைக் காட்டும் சுருக்கத்தையும் லத்தீனுக்கான சுருக்கத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டாலே பாதி விளங்கும். 'பொன்ட்' (பாலம்), 'ஃபெனெஸ்டர்' (சன்னல்) எல்லாம் லத்தீனிலிருந்து வந்த கடன் சொற்கள். முதல் தொகுதி 1950–67-இல் வந்தது. அதன் சொற்பிறப்புகள் சுருக்கமானவை. திருத்தம் 'ஏ' எழுத்திலிருந்து மெல்ல நகர்கிறது. அந்தத் தொகுதிக்குரிய சொற்களை மட்டும் கெல்டிக் மொழிகளுக்கான (வேல்ஸ் சேர்ந்த மொழிக்குடும்பம்) புதிய சொற்பிறப்பு நூல் ஒன்றோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.