பொடியா, ஏர்பிரஷா, எண்ணெய் வண்ணமா: மாதிரி ரயில் எஞ்சினுக்கு வெதரிங் செய்ய எது ஏற்றது?

மாதிரி ரயில் எஞ்சின் எவ்வளவு நுணுக்கமாக வார்க்கப்பட்டிருந்தாலும், தொழிற்சாலையில் பூசிய வண்ணத்தின் ஒரே சீரான பளபளப்பு அதைப் பொம்மையாகவே காட்டிவிடுகிறது. ஓடிக் களைத்த வண்டியின் தோற்றத்தை அதற்குக் கொடுக்கும் வேலையைத்தான் வெதரிங் என்கிறோம். இதற்குப் பரவலாக மூன்று வழிகள் உண்டு: உலர்ந்த பிக்மென்ட் பொடியைத் தூரிகையால் தடவுவது, ஏர்பிரஷால் மெல்லிய அக்ரிலிக் வண்ணம் தெளிப்பது, ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணத்தைக் கரைத்துப் பூசித் துடைப்பது. ‘என்’ (N) எனப்படும் சிறிய அளவில் உள்ள என் ஜப்பானிய டீசல் எஞ்சின்களுக்கு நான் மூன்றையும் கையாண்டு, எண்ணெய் வண்ணத்தையே நிரந்தரமாகத் தேர்ந்துகொண்டேன். சிங்கப்பூரில், அதுவும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடர்பவர்களுக்கு அந்தத் தேர்வு ஏன் பொருந்தும் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில், அழுக்கு என்பது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் எந்த முறை பொருந்தும் என்பது அதைப் பொறுத்தே அமைகிறது. சக்கரத்தில் பிரேக் கட்டை உராயும்போது உதிரும் இரும்புத் துகள் துருவேறி, போகிகளிலும் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டங்கள்) உடலின் கீழ்விளிம்பிலும் செம்பழுப்பாகப் படிகிறது. புகைபோக்கியைச் சுற்றிக் கரி ஏறுகிறது. அது பெரும்பாலும் கூரையில்தான் தங்கும். எரிபொருள் தொட்டியின் மூடிக்குக் கீழே சிந்திய டீசல் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு கறையாகிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மழை. கூரையில் சேர்ந்த அழுக்கை மழைநீர் கரைத்து, கதவு விளிம்பு, காற்றுத் துவாரம், கைப்பிடியின் அடி என எங்கெல்லாம் தடை இருக்கிறதோ அங்கிருந்து செங்குத்தான கோடுகளாக இறக்கிவிடுகிறது. வெப்பமண்டலத்தில் ஓடும் வண்டியை மற்ற வண்டிகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டுபவை இந்த மழைக்கோடுகளே.

இதற்கான சான்று நம் ஊரிலேயே கிடைக்கிறது. 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30ஆம் தேதியுடன் மூடப்பட்டு, மலாயா ரயில் சேவை உட்லண்ட்ஸுடன் நின்றுபோனது. அதற்கு முந்தைய வாரங்களில் புக்கிட் தீமா நிலையத்திலும் இரும்புப் பாலங்களிலும் கூடியவர்கள் எடுத்த புகைப்படங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பல, எஞ்சினின் பக்கவாட்டை அருகிலிருந்து காட்டுபவை. மலாயா ரயில்வேயில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக உழைத்திருப்பதால், பழைய குடும்ப ஆல்பங்களிலும் எஞ்சின் படம் ஒன்றிரண்டு இருக்க வாய்ப்புண்டு. எந்த எஞ்சினுக்கு வெதரிங் செய்தாலும் ஓர் உண்மையான படத்தை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குவதே முறை. கற்பனையில் இருந்து செய்த அழுக்கு, எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிந்து, அழுக்கு என்ற பெயரில் இன்னொரு சீரான வண்ணமாகிவிடும்.

பிக்மென்ட் பொடியிலிருந்து தொடங்குகிறேன். இதைப் பழகுவது எளிது, தூரிகை ஒன்று போதும், வாடை இல்லை, பிடிக்காவிட்டால் ஈரப்பஞ்சால் துடைத்துவிடலாம். உலர்ந்த தூசி, புகைபோக்கிக் கரி ஆகிய இரண்டிலும் பொடி தரும் மென்மையான, ஒளி பட்டால் மினுங்காத தோற்றத்துக்கு ஈடாக மற்ற இரண்டும் எளிதில் வருவதில்லை. கண்ணாடிப் பேழைக்குள் வைத்து ஒருபோதும் தொடப்போவதில்லை என்றால் பொடியே போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் எஞ்சினைத் தொடாமல் இருக்க முடியாது. இந்த ஒப்பீட்டில் நான் தீர்மானமான காரணியாகக் கருதுவது இதைத்தான். நிரந்தரமான தண்டவாள அமைப்புக்குத் தனி அறை ஒதுக்கக்கூடிய வீடுகள் இங்கே குறைவு. சாப்பாட்டு மேசையிலோ வரவேற்பறைத் தரையிலோ தண்டவாளத்தை விரித்து, ஓட்டி முடித்ததும் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி வைப்பதுதான் வழக்கம். ஒவ்வொரு முறையும் எஞ்சினை எடுக்கிறோம், சக்கரங்களைத் தண்டவாளத்தில் பொருத்துகிறோம், திரும்ப எடுத்து நுரைப்பஞ்சுக் குழியில் அழுத்தி வைக்கிறோம். விரல்கள் பிடிக்கும் இடம் எப்போதும் ஒன்றே, அதாவது உடலின் நடுப்பகுதியும் கீழ்விளிம்பும். இங்கே ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் விரல்களில் வியர்வை இல்லாத நாளே அரிது. பொடி முதலில் உதிர்வதும் விரல் ரேகையாக மாறுவதும் அந்த இடங்களில்தான்.

இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு, பொடியின் மேல் பளபளப்பற்ற (மேட்) வார்னிஷ் தெளித்து நிலைநிறுத்துவது. அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. வார்னிஷ் பட்டவுடன் பொடியின் துகள்களுக்கு இடையில் இருந்த காற்று போய்விடுவதால் வெளிர்நிறத் தூசியில் பாதி மறைந்துவிடுகிறது. எதற்காகப் பொடியைத் தேர்ந்தோமோ அந்த மென்மையும் சேர்ந்து குறைகிறது. இரண்டாவது சிக்கல் நம் காலநிலைக்கே உரியது. ஸ்ப்ரே டப்பாவில் வரும் வார்னிஷின் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். அப்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து, வார்னிஷுக்குள் வெண்ணிற மூட்டமாகச் சிறைப்பட்டுவிடும். அதிகாலையிலும் மழை பெய்த மாலையிலும் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும்போது இந்த ஆபத்து அதிகம். வெயிலடிக்கும் பிற்பகலில் ஈரப்பதம் 60 விழுக்காடு அளவுக்கு இறங்குவதால் அப்போது தெளித்தால் தப்பலாம். வேலைக்குப் போகிறவருக்கு அந்த நேரம் எப்போது வாய்க்கும் என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கறுப்புப் பொடிகள் சிலவற்றில் உள்ள கறுப்பு இரும்பு ஆக்சைடு காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள். மோட்டாரின் காந்தத்துக்கு அருகே உதிர்ந்த பொடி சேரும் என்பதால், உடற்கூட்டைக் கழற்றித் தனியே வைத்துத்தான் பொடி தடவ வேண்டும்.

ஏர்பிரஷ் வேறு தரத்தில் நிற்கிறது. எஞ்சின் முழுவதும் படர்ந்த மெல்லிய தூசிப் புகையை, விளிம்பே தெரியாமல் கரைந்துபோகும் கரியை, அதைப்போல் வேறெதுவும் தராது. காய்ந்த அக்ரிலிக் வண்ணம் விரலுக்கும் தாங்கும், ஆகையால் நான் தீர்மானமானது என்று சொன்ன காரணியில் அது தோற்கவில்லை. அதைத் தடுப்பவை வீடும் ஊரும்தான். கம்ப்ரசரின் இரைச்சல், தெளிப்புப் பெட்டி, அதன் குழாயை வெளியே விடுவதற்கு ஒரு சன்னல் ஆகியவற்றுக்கெல்லாம் இடம் வேண்டும். ஈரக்காற்றை அழுத்தும்போது குழாயில் நீர் சேர்ந்து, வண்ணத்தோடு துளியாகத் தெறிக்கும் என்பதால் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இங்கே கட்டாயம். 1 முதல் 1.4 பார் வரையிலான குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும்போதும் அதை அடிக்கடி வடித்துவிட வேண்டியிருக்கிறது. சிலர் வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள் தெளிக்கலாமா என்று யோசிக்கிறார்கள். கதவை மூடினால் காற்றோட்டம் மிகவும் குறைந்துவிடும் அறையில் எதையும் தெளிக்கக் கூடாது. ஏற்கெனவே ஏர்பிரஷ் வைத்திருப்பவர் அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதற்காகவே புதிதாக வாங்குவதுதான் எனக்குத் தேவையற்றதாகப் படுகிறது. மேலும், மழைக்கோடுகளை ஏர்பிரஷால் வரைவது மிகவும் கடினம், அவற்றுக்குக் கடைசியில் தூரிகையைத்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய் வண்ணத்தில் நான் கண்ட முதல் நன்மை நேரம். அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணமோ மணிக்கணக்கில் இளகிய நிலையிலேயே இருக்கும். வாடை குறைந்த வைட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் நனைத்துப் பிழிந்த தூரிகையால், வைத்த புள்ளியை மேலிருந்து கீழாக இழுத்தால் மழைக்கோடு. வட்டமாகத் தேய்த்தால் தூசி. முழுவதும் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் தங்கும் நிழல். பிடிக்கவில்லை என்றால் அன்று மாலைக்குள் எதுவுமே நடக்காததுபோல் எடுத்துவிடலாம். ‘என்’ அளவில் இது சிறிய வசதியல்ல. ஜப்பானிய மாதிரிகள் 1:150 விகிதத்தில் அமைவதால், ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடு உண்மையான எஞ்சினில் 15 சென்டிமீட்டர் பட்டையாகிவிடும். அப்படி ஒரு மழைக்கோடு எங்கும் கிடையாது. கோட்டை வரைந்துவிட்டு, இருபுறமும் சுத்தமான தூரிகையால் அரித்து மெலிய வைக்கும் வாய்ப்பை எண்ணெய் வண்ணம் மட்டுமே நிதானமாகக் கொடுக்கிறது.

நான் அதிகம் வேலை செய்தது டிடி51 வகையில். ஜப்பானிய தேசிய ரயில்வேக்காக 1962 முதல் 1978 வரை 649 எஞ்சின்கள் கட்டப்பட்ட வகை அது. நடுவில் ஓட்டுநர் அறை, முன்னும் பின்னும் தாழ்ந்த பானெட்டுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டீசல் இயந்திரம். ஆரஞ்சு சாயல் கொண்ட சிவப்பு உடலில் ஓடும் வெள்ளைப் பட்டைதான் வெதரிங்கின் உண்மையான சோதனை. அந்தப் பட்டையைத் தூய வெள்ளையாக விட்டால் மற்ற அழுக்கெல்லாம் பொய்யாகிவிடும். அழுத்தமாகக் கறைபடுத்தினால் எஞ்சினின் முகமே மறைந்துவிடும். ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை மிக நீர்க்கக் கரைத்து, பட்டையின் கீழ்விளிம்பிலிருந்து மட்டும் இறக்கி, பட்டையின் மேல் படிந்ததைத் துடைத்தெடுத்தால் இரண்டும் சரியாக அமைகின்றன. இந்தத் துடைத்தெடுக்கும் வேலையைப் பொடியால் ஒருபோதும் சுத்தமாகச் செய்ய முடிந்ததில்லை.

இனி அந்தத் தீர்மானமான காரணிக்கு வருகிறேன். எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய், கரைப்பான் ஆவியானதும் முடிந்துவிடாமல், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டியான படலமாக மாறுகிறது. அந்தப் படலம் உருவான பிறகு விரல் பட்டாலும், பெட்டியின் நுரைப்பஞ்சு உரசினாலும் பெயர்வதில்லை. ஆகவே மேலே வார்னிஷ் தேவையில்லை, வார்னிஷ் தேவையில்லாததால் வெண்மூட்டத்தைப் பற்றிய கவலையும் இல்லை. மாதக்கணக்கில் எடுத்து ஓட்டி அடுக்கிய எஞ்சின்களில், பொடி பூசியவற்றுக்குக் கீழ்விளிம்பை மீண்டும் தொட வேண்டியிருக்கிறது. எண்ணெய் வண்ணம் பூசியவை அப்படியே இருக்கின்றன. பராமரிப்பு என்று பார்த்தால் இதைவிடப் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

காய்வதற்குப் பொறுமை வேண்டும் என்பது உண்மைதான். அதைக் குறைக்க வழிகள் உண்டு. குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை முதலில் ஓர் அட்டைத் துண்டில் வைத்தால், மிகுதியான எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். பூசியபின் பளபளப்பும் குறையும். அம்பர் வகைகளில் இயல்பாகவே உள்ள மாங்கனீசு உலர்தலை விரைவுபடுத்துவதால் அவை சீக்கிரம் காயும். லேம்ப் பிளாக்கும் டைட்டேனியம் வெள்ளையும் மெதுவாகவே காயும், ஆகவே கறுப்பை நான் தனியே பயன்படுத்தாமல் பர்ன்ட் அம்பரோடு கலந்தே எடுக்கிறேன். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும் என்பதால், காயும் எஞ்சினை அலமாரிக்குள் பூட்டாமல், வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில், தூசி விழாதபடி துளையிட்ட மூடியின் கீழ் வைப்பது நல்லது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். வண்ணம் பூசாத பிளாஸ்டிக்கை, குறிப்பாகத் திருகாலோ கொக்கியாலோ இறுக்கத்தில் இருக்கும் பாகங்களை, வைட் ஸ்பிரிட்டில் ஊற விடக்கூடாது, வெடிப்பு விழலாம். தொழிற்சாலை வண்ணம் மேட்டாக இருந்தால் எண்ணெய் வண்ணம் அதில் ஊறிக் கறையாகும் என்பதால், முதலில் தூரிகையாலேயே மிதமான பளபளப்புள்ள நீர்சார்ந்த சாட்டின் பூச்சு ஒன்று கொடுப்பது பாதுகாப்பு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகோ தண்ணீரில் நனைத்த பிறகோதான் அப்புறப்படுத்த வேண்டும். சன்னலைத் திறந்து வைப்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மறுவிற்பனையைப் பற்றிச் சுருக்கமாக. கரோசெல் இணையச் சந்தையில் விற்கும்போது வெதரிங் செய்த எஞ்சினை விரும்புபவர் குறைவு, விரும்புபவர் நன்றாகவே விலை கொடுப்பார் என்பதே நான் பார்த்த வரையில் உள்ள நிலை. விற்கும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், துடைத்தெடுக்கக்கூடிய பொடியே இங்கு முந்துகிறது. எண்ணெய் வண்ணம் கெட்டியான பிறகு அதை அகற்ற முயன்றால் எண்களும் எழுத்துகளும் சேர்ந்து போய்விடக்கூடும்.

நீராவி எஞ்சின்களில் என் அனுபவம் மெலிந்தது. கொதிகலனின் மேல் கரியும், நீர்க்கசிவு விட்டுச்செல்லும் வெண்சுண்ணக் கறையும், இணைப்புத் தண்டுகளின் எண்ணெய்ப் பசையும் ஒன்றோடொன்று கலக்கும் அந்த மேற்பரப்புக்கு, பொடியையும் எண்ணெய் வண்ணத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் அதை உறுதியாகச் சொல்ல நான் இன்னும் போதிய எஞ்சின்களில் வேலை செய்யவில்லை. எச்ஓ போன்ற பெரிய அளவுகளில் பரப்பு கூடுவதால் ஏர்பிரஷின் பயன் கூடும் என்பதும் அப்படியே என் ஊகம்தான்.

டீசல் எஞ்சின் ஒன்றோடு தொடங்க நினைப்பவர் ஓவியப் பொருள் கடைகள் உள்ள பிராஸ் பாசா வளாகத்துக்குப் போய், ரா அம்பர், பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, லேம்ப் பிளாக் ஆகிய நான்கு சிறு குழாய்களும், மெல்லிய முனை கொண்ட தூரிகை ஒன்றும், தட்டை முனை கொண்டது ஒன்றும், வாடை குறைந்த கரைப்பான் ஒரு புட்டியும் வாங்கினால் போதும். முதலில் எஞ்சினைத் தொடாமல், விலை குறைந்த சரக்குப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடுகளை இழுத்துப் பார்த்து, அது முழுவதும் காய்ந்தபின் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு விரலால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள்.