பைன் மரம் காட்டும் செயலி: பாதிக் கிணறுதான்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நடக்கும்போது உதவுமே என்று மரங்களை அடையாளம் காட்டும் செயலி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். கொத்துக்கு இரண்டு ஊசி (பைனின் இலைதான் ஊசி) என்றால் லாட்ஜ்போல் பைன், ஐந்து ஊசியோடு விதை தாங்கும் கூம்பும் முழங்கை நீளம் தொங்கினால் சுகர் பைன், இதெல்லாம் சரியாகவே சொல்கிறது. தடுமாறுவது மூன்று ஊசிக்காரர்களிடம்தான். பாண்டரோசாவையும் ஜெஃப்ரியையும் பட்டையின் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்கப் பார்த்து, ஒரே மரத்துக்குக் காலையில் ஒரு பெயர், மாலையில் வேறு பெயர். அட, கீழே கிடக்கும் கூம்பைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடுமே! பாண்டரோசாவின் முள் வெளியே நீட்டிக் குத்தும், ஜெஃப்ரியின் முள் உள்பக்கம் வளைந்திருப்பதால் குத்தாது. அதைச் செயலி கேட்பதே இல்லை. அப்புறம், சிக்னல் இல்லாவிட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது, மலையில் சிக்னலுக்கு எங்கே போவது? ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் ஊசியை எண்ணக் கற்றுக்கொடுத்ததற்காக.