ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்ன கவுன்சலிங்

ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து, கை மரத்து, 'அவ்வளவுதான் போல' என்று எழுந்து உட்காருவேன். மூன்று தடவை ஈசிஜி, ஒரு எக்கோ. இதயத்தில் ஒன்றுமில்லை, இது பேனிக் அட்டாக் என்று இதய மருத்துவரே சொன்ன பிறகுதான் கவுன்சலிங் பக்கம் போனேன்.

முதலில் போன இடத்தில் அரை மணி நேரமும் அவரே பேசினார். "பாசிட்டிவா இருங்க சார், வாக்கிங் போங்க." இதை என் மாமனார் காசு வாங்காமலே சொல்வார்.

அடுத்துப் போனது மதுரை கே.கே. நகரில், ஒரு மருந்துக்கடை மாடியில். அந்த மேடம் எம்.ஃபில் முடித்து ஆர்.சி.ஐ.யில் (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். (யாரிடம் போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பில்லை.) தான் மாத்திரை எழுத முடியாது, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். 50 நிமிடத்துக்கு 1,200 ரூபாய். முறையின் பெயர் சிபிடி, அதாவது நம் நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. 1960களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் உருவாக்கியதாம்.

மூன்றாவது செஷனில் எக்கோ ரிப்போர்ட்டை இன்னொரு முறை புரட்டிவிட்டு, டிராயரிலிருந்து ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை எடுத்து நீட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு அது வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விட வேண்டும். அரை நிமிடத்திலேயே அதே படபடப்பு, அதே கிறுகிறுப்பு.

"இப்ப மனசுல என்ன ஓடுது?"

"செத்துருவேன்னு."

"அதை அப்படியே நோட்டுல எழுதுங்க."

எழுதி முடிப்பதற்குள் நெஞ்சு அடங்கிவிட்டது. நெஞ்சு துடித்தால் மாரடைப்பு என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தில் இன்னும் துடிக்கிறது. இந்தச் சுற்றை யாராவது வாயால் விளக்கியிருந்தால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

வீட்டுப்பாடம் உண்டு. ஒரு வாரம் எழுதாமல் போனேன். திட்டவில்லை, ஆனால் ஏன் எழுதவில்லை என்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. 600 ரூபாய்!

குறை என்றால் வரவேற்பறைதான். உள்ளே அவ்வளவு ரகசியம் காக்கிறார்கள், வெளியே நம் பெயரைக் கூவி அழைக்கிறார்கள். ஒருநாள் எதிர் நாற்காலியில் எங்கள் தெரு டியூஷன் சார். இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டு செஷன் முடிந்தது. போன மாதம் ஒரு ராத்திரி படபடத்தபோது ஈசிஜிக்கு ஓடவில்லை. நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டுப் படுத்தேன். பணம் இடிக்கிறவர்கள் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கூப்பிட்டுப் பாருங்கள்; இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், வண்டியை மருந்துக்கடை வாசலில் விடாதீர்கள். கடைக்காரர் கத்துவார்.