அணைப் பாதுகாப்புச் சட்டமா, சுற்றுச்சூழல் சட்டமா: தென்பெண்ணைக் கடைமடைக்கு எது கைகொடுக்கும்?

கடலூருக்கும் புதுச்சேரியின் பாகூருக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து, தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையின் தண்ணீர் பற்றி ஒரு மனு எழுதினோம். எதைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும், மற்ற மாதங்களில் தென்பெண்ணையில் கொஞ்சமாவது தண்ணீர் ஓட வேண்டும். எந்தச் சட்டத்தை முன்னால் வைப்பது என்பதில்தான் இழுபறி. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டமா, 1986 சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டமா? நான் இரண்டாவதன் பக்கம் நின்றேன். இப்போதும் அதே பக்கம்தான்.

முதலாவதைக் கேட்டவர்கள் சொன்ன காரணம் லேசானதல்ல. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அந்த வெள்ளம் கடலூரின் ஆற்றோரத் தெருக்களுக்குள்ளும் பாகூர் வயல்களுக்குள்ளும் ஏறியது. அதைப் பார்த்தவர்களுக்கு அணையின் பெயரிலேயே இருக்கும் சட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சட்டமும் நல்ல சட்டம்தான். 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் எல்லாம் இதற்குள் வரும். 119 அடி நீர்மட்டம் கொண்ட சாத்தனூரும் அதில் அடக்கம். நீர்வரத்தை முன்கூட்டிக் கணிக்கும் ஏற்பாடு, கீழே இருக்கும் ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை, அவசரகாலச் செயல்திட்டம் எல்லாவற்றையும் அணையின் உரிமையாளர் செய்தாக வேண்டும். சட்டப்படியான உத்தரவை மதிக்க மறுத்தால் ஓராண்டு வரை சிறை, அதனால் உயிர்ச்சேதம் ஏற்பட்டால் இரண்டாண்டு வரை.

சரி, மறுத்தார்கள் என்று யார் புகார் கொடுப்பது? எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு கேள்விதான். அரசோ, இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த அமைப்புகளோ, அவர்கள் அதிகாரம் கொடுத்தவரோ புகார் தந்தால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கும். அணை மாநில அரசுக்குச் சொந்தம். அதைக் கண்காணிக்கும் மாநில அமைப்பும் அதே அரசின் கீழ்தான். வயல் மூழ்கியவர் நேராகப் போய் நிற்க அங்கே வாசல் இல்லை. 1956இன் மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்ப் பிரச்சினைச் சட்டமும் அப்படியே, அதில் மாநில அரசுதான் பேச முடியும். உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும் வழி எப்போதும் உண்டு. ஆனால் அதற்கு இந்தச் சட்டம் கொடுத்த கதவு என்று பெயரில்லை.

சுற்றுச்சூழல் சட்டத்துக்கு அந்த வாசல் உண்டு. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அது எந்தெந்தச் சட்டங்கள் தொடர்பான வழக்குகளை விசாரிக்கலாம் என்று சொல்லும் 2010 தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் அட்டவணையில் ஏழு சட்டங்கள் இருக்கின்றன. 1986 சட்டம் அதில் ஒன்று, அணைப் பாதுகாப்புச் சட்டம் அதில் இல்லை. பாதிக்கப்பட்டவரே மனு போடலாம். பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், இழப்பீடு கேட்க ஐந்தாண்டு அவகாசம். அதைவிட எங்களுக்கு முக்கியமானது, சென்னையில் இருக்கும் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வின் எல்லை. தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம் மூன்றும் அதற்குள் வருகின்றன. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, சாத்தனூரில் தேங்கி, சொர்ணாவூரில் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கும் பிரிந்து, மிச்சம் கடலூரில் கடல் சேரும் ஓர் ஆற்றுக்கு, முழு நீளத்தையும் ஒரே இடத்தில் பேச வேறு எங்கே முடியும்?

இன்னொன்று, வறண்ட மாதங்கள். வெள்ளம் ஆண்டில் சில நாள், வறட்சி பல மாதம். தாழங்குடா முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கும் கோடையில் எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் ஓட ஓட தண்ணீர் உப்புக் கரிக்கும். நாற்றின் நுனி கருகி மஞ்சளாகும். மேலிருந்து நல்ல தண்ணீர் இறங்கினால்தான் கடல்நீர் நிலத்தடியில் பின்வாங்கும். அணைப் பாதுகாப்புச் சட்டம் அணை உடையாமல் இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆறு காயாமல் இருப்பது அதன் வேலையே அல்ல. 1986 சட்டத்தின் கீழ் 2018 அக்டோபரில் கங்கைக்குப் போட்ட உத்தரவைப் பாருங்கள். மேல் கங்கையில் நவம்பர் முதல் மார்ச் வரை நீரோட்டத்தில் 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 ஆற்றில் விடப்பட வேண்டும் என்று எண்ணோடு இருக்கிறது. அளந்து பார்க்கும் பொறுப்பு மத்திய நீர் ஆணையத்துக்கு. எண் இருந்தால் கேள்வி கேட்கலாம். ‘போதிய அளவு’ என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்க முடியாது.

இதில் பலவீனங்களும் உண்டு. அந்த உத்தரவு கங்கைக்கு மட்டும்தான். நமக்கு அது முன்னுதாரணம், உரிமை அல்ல. ஆற்றின் போக்கைப் பெரிதாக மாற்றாத சிறிய மின்திட்டங்களுக்கு அதில் விலக்கு வேறு. சாத்தனூரில் மின் உற்பத்தி 7.5 மெகாவாட்தான், முதல் வேலை பாசனம். இது மின் அணையே இல்லை, கங்கை உத்தரவை இங்கே காட்டாதீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். ஆனால் 2017 ஆகஸ்டில் பசுமைத் தீர்ப்பாயம், நாட்டின் எல்லா ஆறுகளிலும் வறண்ட காலச் சராசரியில் 15 முதல் 20 சதவீதம் ஓட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நாங்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்திய அனுபவம் எனக்கில்லை. உத்தரவு வாங்குவதற்கும் மதகு திறப்பதற்கும் இடையே எவ்வளவு காலம் ஆகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அதற்காக அணைப் பாதுகாப்புச் சட்டத்தை விட்டுவிடவில்லை. மனுவின் கடைசிப் பத்தி அதற்குத்தான். பழைய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்கச் சட்டம் கொடுத்த ஐந்தாண்டு கெடு 2026 டிசம்பர் இறுதியோடு முடிகிறது. அந்தத் திட்டத்தின் நகலைக் கேட்டிருக்கிறோம். எச்சரிக்கை போகவேண்டிய ஊர்ப் பட்டியலில் கடலூர்க் கிராமங்களோடு, வேறொரு அரசின் கீழ் இருக்கும் பாகூர்ப் பக்கத்து ஊர்களும் இருக்கின்றனவா, நடு இரவில் திறந்தால் அங்கே யார் யாருக்குத் தகவல் சொல்வார்கள் என்ற கேள்விகளையும் அதில் சேர்த்திருக்கிறோம்.