கித்துல்கல ராஃப்டிங்: படகில் ஏறுமுன் கரையில் நிற்க வைத்த அந்த அரை மணி நேரம்

இலங்கையின் கித்துல்கலவில் யாரிடம் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் வேகமான ஆற்றில் துடுப்புப் போட்டுப் போவது) போகலாம் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது, அங்கே சாப்பாடு நல்லம், இங்கே படம் பிடித்துத் தருவார்கள், அந்த ஆளிடம் கொஞ்சம் மலிவு, இவ்வளவுதான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆறும் எல்லாருக்கும் அதே களனி கங்கைதான். நான் இரண்டு தடவை, இரண்டு வேறு இடங்களில் பணம் கட்டிப் போயிருக்கிறேன். படகில் ஏற்றுவதற்கு முன் கரையில் நிற்க வைத்து என்ன சொல்லித் தருகிறார்கள், அதைப் பார்த்துத்தான் இனி நான் யாருக்கும் இடம் சொல்லுவேன்.

முதல் தடவை ஆபீஸ் கூட்டத்தோடு போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. வேனிலிருந்து இறங்கியதும் குவியலாகக் கிடந்த லைஃப் ஜாக்கெட்டில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்ததில் நடு பக்கிள் உடைந்திருந்தது, காட்டினேன், கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டு விட்டார்கள். ஃபோர்வர்ட், ஸ்டொப் என்று இரண்டு கட்டளை சொன்னதோடு பாடம் முடிந்தது, உடனே தண்ணீரில்.

நடு வழியில் ஒரு ரேபிட்டில், அதாவது பாறைகளுக்கிடையே தண்ணீர் சீறிப் பாய்கிற இடத்தில், படகு பாறையில் பக்கவாட்டாக மோதியது. பாறையைக் கண்ட பயத்தில் எல்லாரும் மறுபக்கம் சாய்ந்தோம். செய்யவே கூடாதது அதுதான் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்து விளிம்பு தாழ்ந்தது, ஆறு அப்படியே படகுக்குள் ஏறியது, நானும் இன்னும் இரண்டு பேரும் வெளியே விழுந்தோம். கொஞ்சத் தூரம் அடித்துக்கொண்டு போய் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்த மாதிரி இருந்ததும் எழுந்து நிற்கப் பார்த்தேன். வலது கால் இரண்டு கல்லுக்கு நடுவில் இறங்கி மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து வந்த தண்ணீர் முதுகைத் தள்ளி என்னை முகம் குப்புற அமுக்கியது. செருப்பின் வார் அறுந்ததால்தான் கால் வெளியே வந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு மனுஷி செத்துப்போக முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், அதை அங்கே யாராவது ஒரு வரி முன்பே சொல்லியிருந்தால் நான் நிற்க முயன்றிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. போன மாதம் தங்கையும் அவளுடைய மகனும் பிடிவாதம் பிடித்ததால் வேறொரு இடத்தில் பதிவு செய்தோம், நானே நாலு இடத்துக்கு ஃபோன் போட்டு, விழுந்தால் என்ன செய்வது என்று எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு இடத்தில் சிரித்தார்கள். இவர்கள் மட்டும், தண்ணீரில் இறங்குமுன் அரை மணி நேரம், அதற்குத் தயாராக வாருங்கள் என்றார்கள்.

எங்களுக்கு வந்த கைட் சிங்களத் தம்பி, ஆனால் ஹட்டன் பக்கம் வளர்ந்தவராம், நல்ல மலையகத் தமிழ் பேசினார். ஒவ்வொருவருடைய ஜாக்கெட்டையும் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார், மூக்கு வரைக்கும் ஏறினால் கழற்றி வேறு அளவு. ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், பின்னால் தள்ளி அழகுக்குப் போடக் கூடாது. துடுப்பின் மேல்முனையில் உள்ள கட்டையை எப்போதும் உள்ளங்கையால் மூடியே பிடிக்கச் சொன்னார். அலையில் கை விட்டால் அந்தக் கட்டை பக்கத்திலிருப்பவரின் பல்லைத்தான் போய் அடிக்குமாம்.

அப்புறம் விழுவது. "அக்கா, விழுந்தா எழும்பி நிக்கவே வேணாம். மல்லாந்து படுங்க, காலை ஆறு போற பக்கம் நீட்டுங்க, கால் நுனி உங்க கண்ணுக்குத் தெரியணும்." எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது, தங்கை ஏன் என்று கேட்டாள், பிறகு சொல்கிறேன் என்றேன். கால் மேலே இருந்தால் பாறை வந்தாலும் பாதத்தால் உதைத்துத் தள்ளிக்கொள்ளலாம், அடியில் கல்லுக்கிடையில் போய் மாட்டாது. கையால் பின்னோக்கித் துழாவிக் கரைப் பக்கம் சாய்வாக நகர வேண்டும், ஓட்டம் அடங்கி, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்த பிறகுதான் எழும்ப வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு சொன்னார். மழைக்குப் பிறகு கரையோர மூங்கிலும் மரமும் ஆற்றுக்குள் சரிந்து கிடக்கும், தண்ணீர் கிளைகளுக்கிடையே புகுந்து போய்விடும், ஆள் மட்டும் சல்லடையில் மாட்டின மாதிரி நின்றுவிடுவான். முடிந்த மட்டும் விலகி நீந்த வேண்டும், முடியவில்லை என்றால் அப்போது மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்க வேகமாக நீந்திப் போய் மரத்தின் மேலே ஏறிவிட வேண்டும். காப்பாற்ற வருகிறவர்கள் கயிறு அடைத்த பையை எறிந்தால், பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே வைத்து மல்லாந்துகொள்ள வேண்டும், கையில் சுற்றவே கூடாது. பாறையில் படகு மோதினால் எல்லாரும் பாறைப் பக்கமாகப் பாய வேண்டும். "பாறையைக் கட்டிப்பிடிங்க" என்று சொல்லி, தரையில் கிடந்த படகிலேயே நாலு தடவை பாய வைத்தார். பாயும்போது எனக்கு முதல் தடவை நடந்தது முழுக்க விளங்கியது.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே ராஃப்ட் போகிற தூரம் ஐந்து கிலோமீட்டர் அளவுதான், ஆற்றோட்டம் எவ்வளவு கடுமை என்று சொல்கிற, 1 முதல் 6 வரையான சர்வதேசத் தரவரிசையில் சாதாரண நாளில் 2, 3 என்று சொல்வார்கள். அதை நம்பி மட்டும் போகக் கூடாது. மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா என்ற இரண்டு சிற்றாறும் சேர்ந்துதான் களனி. இரண்டிலும் மேலே வரிசையாக அணையும் மின்நிலையமும் இருக்கின்றன, மவுஸ்ஸாக்கலை, காசல்ரீ, நோட்டன், கெனியன், லக்ஷபான, கடைசியில் கித்துல்கலவுக்குப் பக்கத்திலேயே 35 மெகாவாட் ப்ரோட்லண்ட்ஸ். ஆகவே கித்துல்கலவில் வெயில் அடித்தாலும் மஸ்கெலியாவில் கொட்டுகிற மழை இங்கே ஆற்றின் குணத்தை மாற்றிவிடும். மழைக்காலத்தில் அணையின் வான்கதவு திறந்தது, களனியின் தாழ்வான பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும் என்று செய்தி வருமே, அதைக் கேட்டும் படகு இறக்குகிறவரிடம் போகவே போகாதீர்கள். எங்களுடைய ஆட்கள் காலையில் மேலே ஃபோன் போட்டுத் தண்ணீர் நிலவரம் கேட்டதை நானே பார்த்தேன், அதற்காகவே முக்கால் மணி நேரம் தாமதமாக இறங்கினோம். தாமதத்துக்குக் கூட வந்த வேறொரு குடும்பம் சண்டை பிடித்தது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஓட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல். முன்னால் கயாக் என்கிற, ஒரு ஆள் மட்டும் துடுப்புப் போடுகிற சின்னப் படகு போய்க்கொண்டே இருந்தது, அதிலிருந்த பையன் ஒவ்வொரு ரேபிட்டுக்கும் கீழே, பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஓடாமல் சுற்றுகிற இடத்தில் கயிற்றுப் பையோடு காத்திருந்தான். மூன்றாவது ரேபிட்டில் எங்கள் பிள்ளை விழுந்தான். 14 வயது, மெலிந்த உடம்பு, ஒரு நொடி ஹெல்மெட் கூடத் தெரியவில்லை. தங்கை கத்தினாள். பிறகு அலைக்கு அந்தப் பக்கம் இரண்டு சப்பாத்து நுனி மேலே வந்தது, அதற்குப் பின்னால் அவன் முகம். கயிறு போனது, பிடித்தான், தோளுக்கு மேலேதான் பிடித்தான். கரையேறியதும் "பெரியம்மா, கால் நுனி தெரிஞ்சது" என்று என்னிடம்தான் முதலில் சொன்னான்.

குறைகள் உண்டு. ஹெல்மெட்டுக்குள் பழைய ஈர வாடை தாங்கவில்லை, தலைக்கு ஒரு துணி கொண்டுபோங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கட்டிக்கொள்ள நாடா தரவில்லை, நான் சப்பாத்து லேஸால் கட்டினேன். செருப்பு வேண்டாம், பின்னால் இறுக்கமாக நிற்கிற சப்பாத்து வேண்டும், இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். கடைசியில் அமைதியான இடத்தில் எல்லாரையும் இறக்கி மிதக்க விடுகிறார்கள், அருமையான பகுதி, ஆனால் திரும்ப ஏறும்போது தலையை எண்ணவில்லை. நான் கேட்ட பிறகுதான் எண்ணினார்கள். சோறும் பருப்பும் கோழியும் சுமார்.

பெண்கள் உடை மாற்றுகிற அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, ஒருவர் மாற்ற ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பொறுப்பாளரிடம் சொன்னேன், அடுத்த வாரத்துக்குள் போட்டுவிடுவதாகச் சொன்னார். எங்கே என்று தனியாகக் கேட்டால் சொல்கிறேன், போகிறவர்கள் அந்தத் தாழ்ப்பாள் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.