நர்ஸ்களுக்கு வெளிநாட்டு வேலை என்று சொல்லும் ஆன்லைன் சேவை: பயிற்சிக்கு நாலு ஸ்டார், வேலைக்கு ஒன்று

எட்டு மாதம் பணம் கட்டிப் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே பேச்சுப் பேசுகிற இடங்கள் நிறைய இருக்கின்றன, அதனால் பெயரில்லாமலே புரியும்.

முதல் அழைப்பிலேயே கவுன்சிலர் ஆரம்பித்தது இப்படி: "உலகம் பூரா அறுபது லட்சம் நர்ஸ் தட்டுப்பாடு மேடம், நீங்க எதுக்கு யோசிக்கிறீங்க?" சொன்னதில் பெரிய பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையில், 2023 கணக்குப்படி உலகத்தில் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள், பற்றாக்குறை 58 லட்சம் என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பற்றாக்குறையில் பெரும்பகுதி எங்கே என்று பார்த்தால் ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளின் ஏழை நாடுகளில். அங்கே நோயாளி இருக்கிறார், நர்ஸும் தேவை, ஆனால் சம்பளம் கொடுத்துப் பதவி உருவாக்கப் பணம் இல்லை. தேவை வேறு, காலியிடம் வேறு. இந்த வித்தியாசத்தை அவர்கள் ஒருநாளும் வாய் திறந்து சொல்வதில்லை.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓஇடி, அதாவது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு, அதற்கான பயிற்சி உண்மையிலேயே அருமை. கடிதம் எழுதும் பகுதியில் நோயாளியைப் பற்றிய கேஸ் நோட்ஸைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம், சுமார் 180 முதல் 200 வார்த்தைக்குள் முடிக்க வேண்டும். நான் முதலில் எழுதியது இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு பாட்டியைப் பற்றி, வீட்டுக்கு வந்து பார்க்கப் போகிற நர்ஸுக்கு. இருபது வருடத்துக்கு முந்தைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் வரைக்கும் ஒன்றுவிடாமல் எழுதித் தள்ளியிருந்தேன். டீச்சர் சிவப்பில் அடித்துவிட்டு, "இதை வாங்குறவங்க நாளைக்குக் காலையில ட்ரெஸ்ஸிங் மாத்தணும், அப்பெண்டிக்ஸ் அவங்களுக்கு எதுக்கு?" என்று எழுதியிருந்தார். அவர் நர்ஸாகவே வேலை பார்த்தவர் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. பேச்சுப் பகுதியிலும் அப்படித்தான். இன்சுலின் ஊசி வேண்டாம் என்று அடம்பிடிக்கிற நோயாளியாக அவர் நடிக்க, நான் சர்க்கரை நோயின் விளைவுகளை ஒப்பித்துக்கொண்டே போனேன், இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, "சிஸ்டர், ஏன் வேண்டாம்னு இன்னும் நீங்க கேக்கவே இல்லையே" என்றார். வார்டிலும் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்க எழுதும் தேர்வான என்கிளெக்ஸுக்கு மட்டும் இவர்களிடம் போக வேண்டாம். 2023 ஏப்ரலில் தேர்வு முறையே மாறி, கேஸ் ஸ்டடி வைத்துத் தொடர்ச்சியாக ஆறு கேள்வி கேட்கிறார்கள். இவர்களுடைய வீடியோக்கள் எல்லாம் அதற்கு முந்தையவை.

இப்போது வேலை வாங்கித் தருகிற கதை. எனக்கு டயாலிசிஸ் யூனிட்டில் ஆறு வருட அனுபவம். "எந்த வார்டுக்கு ஆள் கேட்கிறார்கள்?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "ஆல் ஸ்பெஷாலிட்டி மேடம்." ஐசியு, ஆபரேஷன் தியேட்டர், எமர்ஜென்சி, டயாலிசிஸ் என்று துறை வாரியாகத்தான் ஆள் எடுப்பார்கள் என்று வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதத்தில் வந்தது ஒரே ஒரு இன்டர்வியூ, அதுவும் முதியோர் இல்லத்துக்கு. எதிரில் இருந்த பெண்மணி டிமென்ஷியா நோயாளிகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில்தான் புரிந்தது, என் பயோடேட்டாவில் 'முதியோர் பராமரிப்பு, 6 வருடம்' என்று இவர்களே மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். நான் உண்மையைச் சொன்னேன், அவர் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார். அதைப் பற்றிப் புகார் செய்ததற்கு இன்றுவரை பதில் இல்லை.

'ஆறு மாதத்தில் விமானம்' என்று இவர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஜெர்மனி என்றால் பொதுவாக பி2 என்கிற நிலை வரை ஜெர்மன் மொழி படிக்க வேண்டும், அதுவே டியூட்டி பார்த்துக்கொண்டு படித்தால் லேசில் முடியாது. அமெரிக்காவில் வேலை உறுதியானாலும் குடியேற்ற விசா வரிசையில் வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டன் சில வருடம் வெளிநாட்டு நர்ஸ்களை அள்ளி எடுத்தது, 2024 வாக்கில் அந்த வேகம் நன்றாகக் குறைந்துவிட்டது. இதெல்லாம் போக, வேலை பார்த்த இடங்களில் இருந்து கடிதம், பதிவு செய்த நர்சிங் கவுன்சிலில் இருந்து நற்சான்று என்று அலைய வேண்டியது தனி.

அப்புறம், வேலை வாங்கித் தருவதற்கென்று தனியாகக் கேட்ட 'ப்ளேஸ்மென்ட் ஃபீஸ்'. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் வருட உடன்படிக்கை எண் 181, வேலை தேடுகிறவரிடம் ஏஜென்சிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாகச் சொல்கிறது. பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறையும் அதையே சொல்கிறது. இதை மின்னஞ்சலில் எழுதியதும் கட்டணத்தின் பெயர் 'டாக்குமென்டேஷன் சார்ஜ்' ஆனது. தொகை மாறவில்லை. நான் கட்டவில்லை.

கடிதப் பயிற்சியை மட்டும் தனியாக வாங்க முடிந்தால் வாங்குங்கள், அந்த டீச்சர் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு. போன வாரம்கூட, நைட் டியூட்டி முடிந்து படுத்த அரை மணி நேரத்தில் ஒரு புதுக் குரல் கூப்பிட்டது: "மேடம், அர்ஜென்டா ஆள் எடுக்கிறாங்க." எந்த வார்டு என்று கேட்டேன். "லைன்லயே இருங்க மேடம்" என்றார், பின்னாலிருந்து பாட்டு ஓட ஆரம்பித்தது, நான் தூங்கிவிட்டேன்.