பீப் சத்தமா, வோல்ட் இழப்பா: உப்புக்காற்றில் மாடல் ரயிலுக்கு வயர் தேடும் கதை

பாம்பனில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மாமா வீடு. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மாடியறையில் பெரிய பலகை போட்டு எச்.ஓ. அளவு தண்டவாளம் பதித்து வைத்திருக்கிறார்: நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். போன ஆடியில் அவருடைய நீராவி எஞ்சின் பாதி வளைவு ஏறும்போதே திணறி நின்றுவிட்டது. "மாப்ள, லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது. வண்டிதான் இழுக்க மாட்டேங்குது, பாரு" என்று கையில் கொடுத்தார்.

கோளாறு எந்த வயரில், எந்த கனெக்டரில் என்று தேட மூன்று வழி உண்டு. நிறம் பார்த்துப் போவது, மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்ப்பது (இரு முனைக்கும் நடுவே இணைப்பு இருந்தால் மீட்டர் சத்தம் போடும்), வண்டியை ஓடவிட்டு வோல்ட் இழப்பை, அதாவது வழியில் எங்கே எத்தனை வோல்ட் குறைகிறது என்பதை, அளப்பது. நான் இப்போது மூன்றாவது கட்சி. முதல் இரண்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போன பிறகுதான் அங்கே வந்து சேர்ந்தேன்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டி.சி.சி. என்பது ஒரே தண்டவாளத்தில் ஒவ்வொரு எஞ்சினையும் டிஜிட்டல் கட்டளையால் தனியாக ஓட்டும் முறை; அந்தக் கட்டளையைப் படிக்க எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட்தான் டிகோடர். அதன் வயர்களுக்கு ஒழுங்கான முறை இருக்கிறது: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் பொது. பழைய எஞ்சினில் இது செல்லாது. மாமாவின் வண்டியில் நான்கு வயரும் கறுப்பு.

பீப் வழி எல்லோருக்கும் கைவந்தது. கரண்ட் இல்லாமல் செய்யலாம், எதுவும் புகையாது. வயர் அறுந்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். டிகோடர் பொருத்தும் முன் மோட்டார் முனை எதுவும் வண்டியின் உலோகச் சட்டத்தைத் தொடவில்லை என்று உறுதி செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. அங்கே பீப் வந்தால் டிகோடர் போய்விடும். இந்த ஒரு சோதனைக்காகவே பீப் வழியை நான் இன்னும் கைவிடவில்லை.

ஆனால் எங்கள் கரையோரத்தில் வயர் அறுவது அபூர்வம். இங்கே நோய் வேறு: செம்பில் உப்புக்காற்றால் பூக்கும் பச்சைக் களிம்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரலில் உப்புப் பிசுக்கு ஒட்டும். பக்கத்திலேயே பாலத்தைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலோக்சேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்று இத்தனை காப்பு தேவைப்பட்டது. உப்பு முதலில் தேடிப் போவது இணைப்பைத்தான். மாடல் எஞ்சினில் கனெக்டர் பின்னும், அதில் வயரைக் கவ்வும் இடமும்தான் அந்த இணைப்பு.

களிம்பு பிடித்த கனெக்டர் பின், முழுக்க அறுந்த வயர் போல் இருக்காது. கொஞ்சம் கடத்தும். மீட்டரின் பீப் அந்தக் கொஞ்சத்துக்கே கூவிவிடும். பல மீட்டர்களில் 30 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் பீப் வரும். சிலவற்றில் 50 ஓம் வரைகூட. சோதனைக்கு மீட்டர் அனுப்பும் கரண்ட் ஒரு மில்லியாம்ப் அளவில்தான். மோட்டார் இழுப்பதோ அதைப்போல் முந்நூறு மடங்கு. இன்னொரு குழப்பமும் உண்டு. மோட்டார் சுற்றின் மின்தடையே குறைவு என்பதால், இரண்டு தண்டவாளப் பக்கத்துக்கும் நடுவே வைத்தாலும் பீப் வரலாம். மோட்டாரைக் கழற்றாமல் பார்த்தால் எந்த வழியாகச் சத்தம் வந்தது என்றே தெரியாது.

மாமாவின் எஞ்சினில் எல்லா இடத்திலும் பீப் வந்தது. இரண்டு ஞாயிறு அதை நம்பி மோட்டாரையும் அதற்குள் கரண்ட் கொடுக்கும் பிரஷ்ஷையும் பிரித்துப் பூட்டினேன். மூன்றாவது ஞாயிறுதான் மீட்டரை டி.சி. 20 வோல்ட்டுக்குத் திருப்பினேன்.

கன்ட்ரோலரில் 12 வோல்ட் நிறுத்தி, சக்கரத்தை விரலால் லேசாகத் தடுத்து மோட்டாருக்குச் சுமை கொடுத்தேன். (முழுக்க நிறுத்தக் கூடாது, மோட்டார் சூடாகிவிடும்.) தண்டவாளத்தில் 12 வோல்ட், மோட்டார் முனையில் 9. வழியில் எங்கோ 3 வோல்ட் காணாமல் போகிறது. அந்த வழியைப் பாதி பாதியாகப் பிரித்து வந்தேன்: சக்கரத்திலிருந்து அதை உரசிக் கரண்ட் எடுக்கும் தகடு வரை, தகட்டிலிருந்து டெண்டர் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டி) வயர் வரை, பிறகு டெண்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் சின்ன கனெக்டர். அதன் ஒரு பின்னுக்கு இந்தப் பக்கம் மீட்டரின் ஒரு புரோப் (தொட்டு அளக்கும் முனை), அந்தப் பக்கம் ஒரு புரோப். 2.8 வோல்ட். மீதி வழி முழுக்க 0.2 தான். மோட்டார் 0.3 ஆம்ப் எடுத்தது. அப்படியானால் அந்த ஒரு பின்னில் ஒன்பது ஓமுக்கு மேல். பீப்புக்கு அது "நல்ல இணைப்பு". மோட்டாருக்கோ கால் பங்கு பலம் அங்கேயே போய்விட்டது.

இதே கோளாறு எல்.இ.டி. விளக்கின் வயரில் இருந்திருந்தால் கண்ணுக்கே பட்டிருக்காது. 10 மில்லியாம்ப்புக்கு 0.1 வோல்ட்தான் குறையும். விளக்கு எரிகிறது என்பதால் இணைப்பு சரி என்று முடிவு கட்டாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பின்னின் முகம் பளபளவென்றுதான் இருந்தது. வயரைக் கவ்வும் இடத்தில், மேலுறைக்கு உள்ளே, செம்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தது. துடைத்துப் பயனில்லை. வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) வைத்துப் பத்தவைத்துப் புது பின் போட்டேன். ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கம் போகவே வேண்டாம், அது உப்பைவிட வேகமாகத் தின்னும்.

வோல்ட் இழப்பு வழியிலும் சங்கடம் உண்டு. கரண்ட் ஓடும்போது புரோப் வழுக்கினால் ஷார்ட் ஆகும். எட்டு பின் டிகோடர் சாக்கெட்டில் பின்களின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், ஆறு பின்னில் அதிலும் பாதி. புரோப் நுனியில் தையல் ஊசியைக் கட்டி, முனை மட்டும் தெரிய மீதிக்கு ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) மாட்டியிருக்கிறேன். இரண்டு கை போதாது, யாராவது சக்கரத்தைப் பிடிக்க வேண்டும்.

டி.சி.சி. லேஅவுட்டில் என் அனுபவம் இரண்டு எஞ்சினோடு சரி. அங்கே தண்டவாளத்தில் ஓடுவது பல ஆயிரம் ஹெர்ட்ஸ் சதுர அலை. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த சாதாரண மீட்டரின் ஏ.சி. அளவு அதில் சரியாகக் காட்டாது. அந்த இரண்டையும் டிகோடரைக் கழற்றி, டம்மி பிளக் (டிகோடர் இல்லாமல் தண்டவாளக் கரண்டை நேரே மோட்டாருக்கு இணைப்பது) போட்டு, சாதாரண டி.சி. கன்ட்ரோலரில் அளந்தேன். கனெக்டர் கோளாறு வெளிவந்தது. டிகோடருக்கு உள்ளே இருக்கும் கோளாறுக்கு இந்த வழி உதவாது.

பராமரிப்பு என்று வரும்போது எனக்குத் தராசு முழுக்கச் சாய்வது இங்கேதான். பீப் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். வோல்ட் இழப்பு எண் சொல்லும். எண்ணை எழுதி வைக்கலாம். புது பின் போட்ட அன்று அதில் 8 மில்லிவோல்ட். டெண்டர் மூடியின் உள்பக்கம் பென்சிலால் தேதியோடு குறித்தேன். ஐப்பசியில் 11. தை பிறந்து அளந்தபோது 15. அதே சுமையில்தான் அளந்தேன். வண்டி இன்னும் நன்றாகவே இழுக்கிறது.

"50 தாண்டினா சொல்லு, அப்ப வெட்டிருவோம்" என்கிறார் மாமா. அடுத்த அளவு சித்திரையில்.